இருளோசையின் ஈர்ப்பு

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், அலங்காநல்லூர்ப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ, சிற்றூர் ஒன்றில் இரவு தங்க நேர்ந்தவர் ஒன்றை அறிந்திருப்பர். ஊர் அடங்கிய பின்பு, இரண்டு மூன்று கல் தொலைவிலுள்ள வேறோர் ஊரிலிருந்து பறையொலி வரும். தொடக்கத்தில் அதனை ஒலியென்றே உணர்வதில்லை. நெஞ்சினுள் ஏதோ தட்டுவதுபோல் இருக்கும். காற்று சற்றுத் திரும்பியதும் மூங்கிற் குச்சியின் கூரிய அடி தனியே பிரிந்து கேட்கும். 'எங்கோ கேதம்' என்று சொல்லிவிட்டு வீட்டார் திரும்பிப் படுத்துக்கொள்வர். நமக்கோ உறக்கம் வருவதில்லை. அவ்வொலி அச்சம் தருகிறது. ஆயினும் அது திடீரென நின்றுபோனால், இன்னும் சிறிது நேரம் ஒலித்திருக்கலாகாதா என்று மனம் ஏங்குகிறது.

இந்த ஏக்கத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். அண்மையில் சபை ஊழியர் ஒருவர் நம்மிடம் கவலையுடன் ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய சபையைச் சேர்ந்த கல்லூரி இளைஞர் சிலர், இரவு முழுவதும் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு 'இண்டஸ்ட்ரியல் டெக்னோ' என்னும் மேனாட்டு இசையைக் கேட்கின்றனராம். "அதில் பாட்டும் இல்லை, பொருளும் இல்லை, இருட்டு மட்டுமே இருக்கிறது. இதில் இவர்கள் காணும் இன்பந்தான் என்ன?" என்பது அவருடைய கேள்வி. நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்விசையைக் கேட்டுப் பார்த்தோம். அதைப் பற்றிப் படித்தும் பார்த்தோம். கேட்கக் கேட்க, மேற்கூறிய இரவே நம் நினைவுக்கு வந்தது.

இவ்விசையைக் கேட்டிராத வாசகருக்காக அதன் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். டெக்னோ என்பது மின்கருவிகளைக் கொண்டு ஆக்கப்படும் நடன இசை. பெரும்பாலும் அதற்குச் சொற்கள் இல்லை. பல்லவியும் சரணமும் இல்லை. கனத்த அடியொன்று சீராக, நிமிடத்திற்கு ஏறத்தாழ 130 முதல் 145 முறை விழுந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலை டெக்னோ என்று நாம் பெயரிடக்கூடிய கிளையில் இவ்வடி வேண்டுமென்றே சிதைக்கப்படுகிறது. ஒரு கருவி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒலியைச் செலுத்தும்போது எழும் கரகரப்பையே இவர்கள் அழகாகக் கொள்கின்றனர். இரும்பு இரும்போடு உரசுவது, நீராவி சீறுவது, பெரியதொரு பொறி எங்கோ தொலைவில் உறுமுவது போன்ற ஒலிகள் அவ்வடியைச் சூழ்ந்து நிற்கும். எல்லாவற்றின் மீதும் நெடிய எதிரொலி படர்ந்திருக்கும். திருமலை நாயக்கர் மகாலின் பெருங்கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்ப்போர், ஒலி தேய்ந்து மறைவதற்குள் அவ்விடத்தின் பரப்பைக் கண்ணை மூடிக்கொண்டே அறிந்துகொள்வர். இவ்விசையமைப்போரும் அத்தகைய எதிரொலியைச் செயற்கையாக உண்டாக்கி, கேட்பவனை ஆளற்ற பெருங்கூடம் ஒன்றினுள் நிறுத்திவிடுகின்றனர். இருள் என்று நம் ஊழியர் கூறியது இதனையே எனக் கருதுகிறோம்.

இவ்விசை பிறந்த இடங்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். டெக்னோவின் பிறப்பிடம் அமெரிக்காவின் மோட்டார் வாகன நகரமாகிய டெட்ராய்ட். 1950-இல் அந்நகரில் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1990-இல் பத்து இலட்சத்தைச் சற்றே மிஞ்சினர். 2010-இல் எண்ணிக்கை ஏழு இலட்சத்துப் பதின்மூவாயிரமாகக் குறைந்தது. ஆலைகள் மூடப்பட்டன, வசதி படைத்தோர் வெளியேறினர், வெளியேற இயலாதோர் பெரும்பாலும் கறுப்பின மக்களாயிருந்தனர். 1980-களில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் முதலிய கறுப்பின இளைஞர் ரோலண்ட் நிறுவனத்தின் தாளப்பொறிகளைக் கொண்டு இவ்விசையை உருவாக்கினர். அவர்களை அடுத்து 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்ற பெயரில் எழுந்த குழு, டெக்னோவை மேலும் கடுமையான ஒலியாக்கியது. அக்குழுவைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ராபர்ட் ஹுட் பிற்காலத்தில் அருட்பணிக்குத் திருநிலைப்படுத்தப்பெற்றார் என்பதும், அதன் பின்னரும் இவ்விசையைக் கைவிடவில்லை என்பதும் நம் வாசகருக்கு வியப்பளிக்கக்கூடும்.

மற்றொரு வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1976-இல் 'த்ராபிங் கிறிஸ்ல்' என்னும் குழுவினர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரிலிருந்தே 'இண்டஸ்ட்ரியல்' என்ற அடைமொழி இசையுலகில் பரவிற்று. இரும்புத் தொழிலுக்குப் பேர்போன பர்மிங்காம் நகரில் 1990-களில் சர்ஜன், ரீஜிஸ் என்னும் புனைபெயர் பூண்ட இருவர் இவ்விரு வேர்களையும் ஒன்றாக்கினர். அந்நகரில் 1993-இல் தொடங்கிய டெக்னோ இரவுக்கூட்டத்திற்கு 'ஹவுஸ் ஆஃப் காட்', அதாவது 'கடவுளின் இல்லம்' என்று பெயரிட்டிருந்தனர். ஏளனமாக இட்ட பெயரோ ஏக்கத்தால் இட்ட பெயரோ, அதனை ஆராய்வது நம் நோக்கமன்று.

பெர்லினைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். 1989-இல் சுவர் வீழ்ந்த பிறகு அந்நகரின் கிழக்குப் பகுதியில் உரிமையாளரற்ற கட்டடங்கள் பல கிடந்தன. அவற்றுள் ஒன்று வெர்ட்ஹைம் என்னும் பேரங்காடியின் நிலவறை. அவ்வங்காடி யூதக் குடும்பம் ஒன்றுக்கு உரியதாயிருந்தது. நாட்சி ஆட்சியில் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அங்காடிக் கட்டடம் அழிந்தபின் நிலத்தடியில் எஞ்சியிருந்த காப்பறையில், துருப்பிடித்த பெட்டக வரிசைகளுக்கு நடுவே, 1991-இல் 'ட்ரெஸர்' என்னும் நடனக்கூடம் தொடங்கப்பட்டது. அச்சொல்லுக்குக் காப்புப்பெட்டகம் என்பதே பொருள். டெட்ராய்ட் இளைஞரின் இசை அந்நிலவறையில்தான் ஐரோப்பாவில் வேரூன்றியது. இன்று அந்நகரின் பெயர்பெற்ற 'பெர்க்ஹைன்' நடனக்கூடமும் முன்னர் ஒரு மின்நிலையமாக இருந்ததே. 2024-இல் செருமானிய நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பெர்லின் டெக்னோ சேர்க்கப்பட்டது. கைவிடப்பட்ட ஆலை, கைவிடப்பட்ட நகரம், கைவிடப்பட்ட நிலவறை என்று இவ்விசை சென்று தங்கிய இடங்களெல்லாம் ஓர் இழப்பு நிகழ்ந்த இடங்களாகவே இருக்கின்றன.

ஆயினும் இழப்பின் நினைவு ஏன் ஈர்க்க வேண்டும்? இதற்கு உடலைப் பற்றிய விடை ஒன்றும் உள்ளத்தைப் பற்றிய விடை ஒன்றும் உண்டு. உடலைப் பற்றியதை முதலில் பார்ப்போம். கனடாவிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'ஆர்ஃபெக்ஸ்' என்னும் இருவர் குழு நிகழ்த்திய மின்னிசை நிகழ்ச்சியின்போது, காதுக்குப் புலப்படாத அளவு மிகத் தாழ்ந்த அதிர்வுகளை எழுப்பும் ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்திற்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தனர். அவை இயங்கிய நேரத்தில் ஆடியவர்களின் அசைவு ஏறத்தாழ 12 விழுக்காடு மிகுந்தது. ஒலிபெருக்கி எப்போது இயங்கிற்று என்பதை ஆடியவர்கள் அறியவில்லை. செவி அறியாததை உடல் அறிகிறது. தோலும், தசையும், சமநிலை காக்கும் உட்செவியும் அதிர்வைப் பெற்று அறிவைக் கேளாமலே அசைகின்றன. தொலைவுப் பறையொலி முதலில் நெஞ்சில் தட்டுவதாகத் தோன்றியது ஏன் என்பது இதனால் ஓரளவு விளங்குகிறது. தாழ்ந்த ஒலி நெடுந்தொலைவு செல்லும். மேலும், இரவில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக நிற்பதால், பகலில் வானோக்கி வளைந்து சென்றுவிடும் ஒலி இரவில் நிலத்தை நோக்கித் திரும்பி வளைகிறது. நெல் அறுத்த வெளிகளில் அதைத் தடுப்பார் யாருமில்லை.

உள்ளத்தைப் பற்றிய விடை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது அழுகையை இரண்டாவதாக வைத்தார், அச்சத்திற்கும் இடந்தந்தார், உவகையை இறுதியில் நிறுத்தினார். கலையில் அழுகைக்கும் அச்சத்திற்கும் இடமில்லை என்று அவர் கருதவில்லை. சொல்ல இயலாத துயர் ஒன்று வெளியிலிருந்து ஒலியாக வந்து சேரும்போது, அதைத் தாங்கும் பொறுப்பு நம்மை விட்டு அவ்வொலியின் மேல் ஏறிக்கொள்கிறது. சொற்களற்ற இசை இதற்கு மிகவும் ஏற்றது. அவரவர் துயரை அவரவர் அதில் இட்டுக்கொள்ளலாம். மாறாத அடியோ, துயர் எத்தனை பெரிதாயினும் அடுத்த அடி தவறாமல் விழும் என்ற உறுதியைத் தருகிறது. இரவில் தனித்திருக்கும் இளைஞன் ஒருவனுக்கு இவ்வுறுதி அற்பமானதன்று.

மதுரைக்கு ஆலையோசை புதிதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். ஹார்வி சகோதரர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் புகைவண்டி நிலையத்தினருகே தொடங்கிய மதுரை மில்லும், கருமுத்து தியாகராசர் தொடங்கிய மீனாட்சி ஆலையும் இந்நகரின் பொழுதை ஆலைச் சங்கினால் அளந்தன. செல்லூர்த் தெருக்களில் விசைத்தறியின் தடதடப்பை அறியாதார் இலர். எனினும் அவ்வோசையை இசையென்று போற்றிய தொழிலாளர் எவரையும் நாம் கண்டதில்லை. நூற்புக் கூடத்தில் நெடுநாள் நின்றவர் பெற்றது மந்தமான செவியே. ஆலையின் ஓசையில் அழகு காண, ஆலைக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. இக்குறிப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இதற்கு மீண்டும் வருவோம்.

இனி நம் சமவெளியின் சொந்த இருளோசையை நோக்குவோம். அதற்கு இரு கருவிகள் உண்டு: ஒன்று உறுமி, மற்றொன்று பறை.

உறுமியின் பெயரே அதன் தன்மையைக் கூறிவிடுகிறது. இடை சுருங்கிய இருமுகக் கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறு முகத்தின் மேல் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பர். தேய்க்கும்போது எழும் ஒலிக்குத் தொடக்கமும் முடிவும் பிரித்தறிய இயலாது. விலங்கின் உறுமல் என்று சிலர் கூறுவர். அழுது ஓய்ந்தவரின் விம்மல் என்று நமக்குத் தோன்றும். நாகசுரம், தவில், பம்பை ஆகியவற்றோடு நையாண்டி மேளத்தில் உறுமிக்கும் இடமுண்டு. ஆனால் அதன் தனி ஆற்றல் வெளிப்படுவது சாமியாட்டத்தில்தான். மலேசியாவுக்குத் தோட்டத் தொழிலாளராகச் சென்ற தமிழர் அதைத் தம்மோடு கொண்டு சென்றனர். பத்துமலைத் தைப்பூசத்தில் காவடி எடுப்போரை இன்றும் உறுமி மேளமே நடத்திச் செல்கிறது. மேனாட்டு டெக்னோவில் அடியின் அடியில் ஓயாது கிடக்கும் உறுமலை ஆக்குதற்கு எத்தனையோ மின்கருவிகள் தேவைப்படுகின்றன. நம் கலைஞர்க்கு ஒரு தோலும் ஒரு வளைந்த குச்சியும் போதுமாயிற்று.

பறையோ இன்னும் எளியது. வேம்பு, பூவரசு போன்ற மரத்துண்டுகள் மூன்றை வளையமாக்கி, இரும்புத் தகட்டால் பிணைத்து, ஒரு பக்கத்தில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி ஆக்குவர். தோளில் மாட்டி உடலோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையில் குட்டையான தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சியும் கொண்டு அடிப்பர். தடித்த குச்சி தாழ்ந்த அதிர்வைத் தரும். மெல்லிய குச்சி சவுக்கைச் சொடுக்கியது போன்ற ஒலியைத் தரும். டெக்னோவும் இவ்விரு ஒலிகளின் மேலேயே நிற்கிறது என்பதைக் கேட்டவர் அறிவர். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். ஈரம் வற்றித் தோல் இறுகினாலன்றிக் கருவி பேசாது. காய்ச்சுபவர் விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். போதும் என்று அவர் காது சொல்லும் கணத்தில் நெருப்பிலிருந்து எடுத்துவிடுவார். சிறிது பிந்தினால் தோல் கருகி வெடித்துவிடும்.

அடிகள் பலவகைப்படும். சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி என ஒவ்வொன்றுக்கும் பெயரும் காலமும் உண்டு. எனவே பறையைச் சாவுக்கு மட்டும் உரியதெனக் கொள்வது தவறு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்தே எண்ணுகிறது. உழவுக்கும் மீன்வேட்டைக்கும் போருக்கும் வெவ்வேறு பறைகள் இருந்தன. பறைதல் என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்றே பொருள். மலையாளத்தில் அப்பொருள் இன்றும் வழக்கிலுள்ளது. எனினும் சாவுப் பறையும் பழமையானதே. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடிய 194-ஆம் பாட்டு, ஒரே ஊரில் ஒரு வீட்டில் சாவுப் பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கும் காட்சியைக் காட்டுகிறது. இவ்வாறு உலகைப் படைத்தவன் பண்பற்றவன் என்றே அப்புலவர் துணிந்து குற்றஞ்சாட்டிவிட்டு, அதன் பின்னரே இவ்வுலகில் இனியதைக் காணுமாறு கூறுகிறார். இறையியல் பயில்வோர் அப்பாட்டை ஒருமுறையேனும் படித்திருத்தல் நலம். படைத்தவனைக் குறைகூறும் துணிவை அவருக்கு அளித்தது அந்தப் பறையொலிதான் என்று நாம் எண்ணுவதுண்டு.

இனி, நினைவில் வைக்குமாறு வேண்டிய குறிப்புக்கு வருவோம். பெர்லின் நிலவறைக்குள் செல்பவன் தன் விருப்பத்தால் செல்கிறான், கட்டணம் செலுத்துகிறான், விடிந்ததும் வெளியே வந்துவிடுகிறான். இருளில் இன்பம் காண்பதற்குக் கதவொன்று திறந்திருத்தல் வேண்டும். நம் ஊர்களில் சாவுப் பறை அடித்தவருக்கு அக்கதவு திறந்திருக்கவில்லை. எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும் அழைத்தவுடன் செல்ல வேண்டும்; தொலைவூர் உறவினருக்குக் கேதம் சொல்லி வர வேண்டும்; குழி வெட்ட வேண்டும்; இறந்த மாட்டை அப்புறப்படுத்த வேண்டும். கூலியாகக் கிடைத்தது தானியமும் சிறிது சாராயமும். மறுப்போர் அடிபட்டனர், குடிசை இழந்தனர். அடித்த கருவியின் பெயரால் ஒரு மக்கள் திரளையே விலக்கி வைத்தனர். அப்பெயர் ஆங்கிலத்திற்குச் சென்று, அங்கும் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. படுக்கையில் கிடந்தபடி தொலைவுப் பறையொலியைக் கேட்டு மயங்கிய நாமும், நூற்புக் கூடத்திற்கு வெளியே நின்று ஓசையை வியந்தவரைப் போன்றவரே. அவ்வொலியின் அழகு பொய்யன்று. ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

சமவெளி ஊர்களில் சபைகள் தோன்றியபோது, கோயில் விழாவிலும் சாவிலும் பறையடிப்பதை விட்டொழித்தல் பலருக்குப் புதுவாழ்வின் அடையாளமாயிற்று. அதில் குறைகாண நமக்குத் தகுதியில்லை. கட்டாயத் தொழிலை உதறிய மனிதன் அத்தொழிலின் கருவியையும் உதறுவது இயல்பு. பறை வெளியேறிய இடத்தில் ஆர்மோனியமும் மேனாட்டு ஞானப்பாட்டும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வழிவந்த கீர்த்தனைகளும் அமர்ந்தன. பின்னர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு இம்மாற்றத்தை வினாவுக்குள்ளாக்கினார். பரட்டை என்று மாணவர் அன்போடு அழைத்த அவர் (1940–2005), ஒடுக்கப்பட்டோரின் இசையை ஒதுக்கிவிட்டு அவர்களுடைய விடுதலையைப் பாட இயலாது என்றார். கிராமிய இசையையும் பறையையும் வழிபாட்டினுள் கொண்டுவர உழைத்தார். எழுத்தறியாதவரும் தம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிப் பாடத்தக்கது என்பதே கிராமிய இசையில் அவர் கண்ட வலிமை. அவருடைய பணியை ஆராய்ந்து அமெரிக்க இசையறிஞர் சோயி ஷெரினியன் எழுதிய நூல் 2014-இல் வெளிவந்தது.

சபைக்கு வெளியிலும் பறை எழுந்தது. சாதி இந்துக்களின் சாவுக்குப் பறையடிக்க மறுத்த போராட்டங்கள் ஒருபுறம். அதே பறையைத் தன்மதிப்பின் கருவியாக மேடையேற்றிய தலித் கலை விழாக்கள் மறுபுறம். 1990-களில் மதுரையும் அவ்விழாக்களைக் கண்டது. அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான், சாதி வேறுபாடின்றி நூற்றுக்கணக்கானோருக்குப் பறையைக் கற்பித்துவரும் கலைஞர். அவருக்கு 2025-இல் நடுவண் அரசு பத்மசிறீ விருது அளித்தது. ஒரு தலைமுறைக்கு முன் இதனை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இந்த வெற்றியினூடே ஓர் இக்கட்டும் பிறந்திருக்கிறது. 'பறை சாவுக்கருவி அன்று. அது மகிழ்ச்சியின் கருவி. மணத்திற்கும் விழாவுக்கும் அரங்கிற்கும் உரியது' என்று கலைஞர் பலர் வற்புறுத்துகின்றனர். வரலாற்றை நோக்க அவர் கூற்று முற்றும் சரியே. சாவுக்கு அடிப்பதில்லை என்று உறுதி பூண்ட குழுக்களும் உள்ளன; அவ்வுறுதியின் பின்னாலுள்ள காயத்தை அறிந்தோர் அதைக் குறைகூறத் துணியார். ஆனால் சாவு அடியே மறைந்துவிடுமாயின் அழுகைக்குரிய ஒலி ஒன்று இந்நிலத்திலிருந்து நீங்கிவிடும். இழிவு சாவில் இருந்ததில்லை. ஒரு சாராரின் துயரை மற்றொரு சாரார் தலைமுறை தலைமுறையாகக் கட்டாயத்தின் பேரில் ஒலிக்க வேண்டியிருந்ததே இழிவு. இவ்விரண்டையும் பிரித்தறியாவிடில், கட்டாயத்தை ஒழிப்பதாக எண்ணி அழுகையை ஒழித்துவிடுவோம். அழுகைக்கு இங்கு இடமில்லையென்றால் இளைஞர் அதை டெட்ராய்ட்டிலும் பெர்லினிலும் தேடிச் செல்வர். நம் ஊழியரின் சபை இளைஞர் அவ்வாறு சென்றவர்களாக இருக்கலாம்.

இதில் திருச்சபைக்கு ஒரு பங்கு உண்டென்று கருதுகிறோம். நம் அடக்க ஆராதனைகள் பெரும்பாலும் விரைந்து நம்பிக்கைக்குச் சென்றுவிடுகின்றன. உயிர்த்தெழுதலின் பாட்டை, பெற்ற மகனை இழந்த தாய் மூச்சுவிடுமுன்பே தொடங்கிவிடுகிறோம். திருமறையோ அவ்வளவு விரைவதில்லை. சங்கீதங்களுள் 88-ஆவது, ஏனைய புலம்பற் பாக்களைப் போல் இறுதியில் புகழ்ச்சிக்குத் திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிக்கும் சொல்லே. தொகுத்தவர்கள் அதனை நீக்கிவிடவில்லை. ஒரு மறுமொழியைச் சேர்த்துத் திருத்தவுமில்லை. நம் சபைகளில் அச்சங்கீதம் அடக்கத்தின்போது வாசிக்கப்படுவதை நாம் அரிதாகவே கேட்டிருக்கிறோம்.

அப்படியாயின் சாவு அடியை யார் அடிப்பது? பறையைத் துறந்தவரை நோக்கி, 'உங்கள் பறை அழகியது. மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கூற, அதை ஒருநாளும் சுமந்திராத நமக்கு உரிமையில்லை. அக்கருவியைச் சுமந்திராத குடும்பங்களில் பிறந்தோர் இன்று ஆர்வத்தோடு பறை கற்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மேடையை நினைத்தே வருகின்றனர் என்பது நம் எண்ணம். கைத்தட்டல் கிடைக்கும் அடிகளை விரும்பிக் கற்கின்றனர். அவர்கள் மாரடிப்பு அடியையும் ஒத்தையடியையும் ஆசானிடம் கேட்டுக் கற்று, கூலியின்றி, தம் சாதியார் அல்லாதவரின் சாவுக்கும் சென்று அடிப்பார்களாயின், அது புதியதொன்றாகும். அவ்வாறு செய்ய எத்தனை பேர் முன்வருவர் என்பதில் நமக்கு ஐயமுண்டு. இறையியல் மாணவர் அவ்வகுப்பில் முதலில் அமரலாம்.

பனி இறங்கும் பின்னிரவில் தோல் விரைவில் தளர்ந்துவிடும். கல்லறைக்குச் செல்லும் வழியில் ஓரிரு முறையேனும் நின்று மறுபடியும் வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டியிருக்கும். பாடை சுமப்போர் தோள் மாற்றிக்கொள்வதும் அந்நேரத்தில்தான். அச்சில நிமிடங்களில் ஒலி ஏதுமில்லை. நெருப்பைச் சுற்றி நிற்போரின் முகங்கள் மட்டும் தெரியும். அம்முகங்கள் இதுகாறும் ஒரே தெருவைச் சேர்ந்தனவாகவே இருந்துவந்துள்ளன.

நம்மிடம் வினவிய ஊழியருக்கு இவ்வாறு எழுதினோம்: இளைஞரிடமிருந்து காதுக்கருவியைப் பிடுங்க வேண்டா; அவர்கள் கேட்பதை நீங்களும் ஒருமுறை முழுவதுமாகக் கேளுங்கள். அடுத்து ஊரில் கேதம் நேரும்போது அவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். தோலைக் காய்ச்சும்போது வைக்கோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடிப்பவரின் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும், அவருடைய பிள்ளைகள் அதைக் கற்க அவர் விரும்புகிறாரா என்பதையும் கேட்டறிந்து வரச் சொல்லுங்கள். அவருடைய மறுமொழிக்காகக் காத்திருக்கிறோம்.